நாலு மணிக்கு வந்த போன்

நான் என் அப்பாவை வேவு பார்த்தேன். ஒருநாள் இருநாள் அல்ல, முழுதாக இரண்டு வருடம். வேவு பார்க்கமாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகு!

உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. உங்களுக்கு என் அப்பாவைத் தெரியாது. அவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

அம்மா போன பிறகு அப்பா அபிராமபுரம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். திருவான்மியூருக்கு எங்களோடு வந்துவிடுங்கள் என்று நானும் என் கணவரும் கெஞ்சாத நாளில்லை. வரமாட்டேன் என்றார். போகட்டும், கூடத்தில் ஒரு கேமராவாவது வைக்கிறேன் என்றேன். மனிதர் கொதித்துவிட்டார்.

"நான் தடுக்கி விழறதைப் படம் பிடிச்சுண்டு உக்காந்திருக்கப் போறியா? கேமரா கீமரா எல்லாம் கூடாது. என்னை வேவு பாக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுடி."

பண்ணினேன். அந்த நிமிடம் உண்மையாகத்தான் பண்ணினேன், நம்புங்கள்.

ஆனால் எனக்குப் பிழைப்பே நெட்வொர்க் வேலை. அம்மா வீட்டில் பாடிப் பதிவு செய்த பாட்டுகள் எல்லாம் என் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அவற்றை அப்பா தன் வீட்டு டிவியில் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு வீட்டு ரௌட்டர்களுக்கும் நடுவே ஒரு டனல் போட்டேன். ஊர் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு வீடுகளுக்கு மட்டும் ஒரு சுரங்கப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது திறந்துவிட்டால் திருவான்மியூரும் அபிராமபுரமும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள்.

முதல் நாள் திறக்கவில்லை. இரண்டு ரௌட்டர்களும் தத்தம் வீட்டுச் சாதனங்களுக்கு ஒரே வரிசை எண்களைக் கொடுத்துவிட்டு, எது யார் வீட்டுடையது என்று தெரியாமல் விழித்தன. அப்பா வீட்டு வரிசையை மாற்றினேன். அங்கிருந்த ஒவ்வொன்றுக்கும் நிலையான எண் ஒதுக்கினேன். அப்பாவின் போனுக்குப் பத்து. டிவிக்குப் பதினொன்று. அம்மாவின் பழைய போனுக்குப் பன்னிரண்டு... அதற்கு அப்பா இன்னமும் தினந்தோறும் சார்ஜ் போடுகிறார்.

அம்மாவின் குரல் அந்தக் கூடத்தில் எழுந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "சுருதி கொஞ்சம் கம்மி" என்றார். அம்மா இருந்தபோதும் இதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார். நான் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

டனல் வழியாகப் பார்த்தால் அப்பா வீட்டுச் சாதனங்களின் பட்டியல் தெரியும். உயிரோடு இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. காலை ஐந்தரைக்குப் பத்து அணைந்தால் நடக்கப் போகிறார். ஏழு மணிக்கு எரிந்தால் வந்துவிட்டார். பதினொன்று எரிந்தால் செய்தி கேட்கிறார், அல்லது அம்மாவை. ஆபீஸ் கூட்டத்தின் நடுவே மேசைக்கடியில் போனை வைத்துப் பார்ப்பேன். பச்சையைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்துவிடும். இது கேமரா இல்லையே, சத்தியத்தை மீறவில்லையே என்று எனக்காக நானே வக்கீலாகி வாதாடினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பட்டியலில் பெயர் தெரியாத போன் ஒன்று முளைத்தது. ரௌட்டர் தானாக அதற்கு நாற்பத்தேழு என்று எண் கொடுத்திருந்தது. ஐந்து மணிக்குப் போய்விட்டது. மறுநாளும் நாலு மணிக்கு வந்தது. அப்படியே பத்துப் பதினைந்து நாட்கள்!

யார் இது? தனியாக இருக்கும் பெரியவர்களை ஏமாற்றும் ஆட்களைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். எப்படிக் கேட்பது? "உனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்பாரே...

அதனால் கேட்கவில்லை. நாற்பத்தேழுக்கு நேராக ஒரே ஒரு தட்டுத் தட்டித் தடுத்துவிட்டேன். அந்தப் போனில் வைஃபை இருப்பதாகக் காட்டும், எதுவும் வராது. என்ன சாமர்த்தியம் என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

நான்கு நாட்கள் நாற்பத்தேழு வந்து வந்து முயன்று பார்த்தது. ஐந்தாம் நாள் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நேரில் பார்க்கப் போனேன். ஆம், மூன்று வாரம்! புள்ளியைப் பார்த்தாலே அப்பாவைப் பார்த்த மாதிரி எனக்கு ஆகிவிட்டிருந்தது. அவர் முகம் வாடியிருந்தது. துருவித் துருவிக் கேட்டதும் சொன்னார்.

"ஏழுமலை இப்பல்லாம் மேல வரதில்லை."

ஏழுமலை எங்கள் தெரு மரத்தடியில் வண்டி போட்டு இஸ்திரி போடுபவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் துணிகளைத் தேய்க்கிறவர். வெயில் நேரத்தில் மேலே வந்து அப்பாவோடு காபி குடித்துவிட்டு, எங்கள் வைஃபையில் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகளோடு வீடியோவில் பேசத் தொடங்கியிருக்கிறார். அந்த மகளுக்கு ஆறு மாதக் குழந்தை.

"நான் சொடக்குப் போட்டா அந்தக் குழந்தை சிரிக்கும்டி. என்னைப் பாத்தா கையைத் தட்டும். மூணு மணிலேர்ந்தே காத்துண்டிருப்பேன். திடீர்னு அவன் போன்ல மட்டும் சுத்திண்டே இருந்தது. அப்புறம் அவன் வரதையே நிறுத்திட்டான். நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனோ?"

எங்களுக்குக் குழந்தை இல்லை. திருமணமாகிப் பதினோரு வருடத்தில் அப்பா ஒருமுறைகூட அதைப்பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை. நான் எதைத் தடுத்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிகிறதா?

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனிலேயே தடையை நீக்கினேன். வெளியே வந்து, வைஃபையைச் சரிசெய்துவிட்டேன், அவரைக் கூப்பிடுங்கள் என்றேன்.

"அவனுக்கே வரணும்னு தோணலைன்னா நான் எப்படிடி கூப்பிடறது?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு புடவையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். "அப்பா உங்களைத் தேடறார் ஏழுமலை, ஏன் மேல வரதில்லை?" என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார்.

"சார் மேல கோவம்லாம் இல்ல பாப்பா. அவரு போன்ல வருது, டிவில வருது, நம்ம போன்ல மட்டும் வரலன்னா இன்னா அர்த்தம்? வராதன்னு அவரு வாயால சொல்லமாட்டாரு. நானே புரிஞ்சிக்கினேன்."

அப்பா இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். "நெட்ல ஏதோ கோளாறு, இப்ப சரியாயிடுத்து" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே புடவையை வாங்கினார்.

"சார் நல்லாத்தான் கீறாரு, கவலப்படாத. தெனம் பால்கனி லைட்டு போட்டாரான்னு பாத்துட்டுதான் நான் வண்டிய மூடுவேன்."

அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம்... அதற்குத்தான் நான் சுரங்கம் தோண்டியிருக்கிறேன்!

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஓடிவிட்டது. தேய்த்த துணிகள் வாசற்கதவின் கைப்பிடியில் தொங்குகின்றன. மஸ்கட்டில் அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கும். மேலே மாடியில் ஒருவர், கீழே மரத்தடியில் ஒருவர், இரண்டு பேரும் தன்னைத்தான் மற்றவர் வேண்டாமென்றார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாய் திறந்தால் தீரும். திறந்தால் அப்பா முதல் வேலையாக ரௌட்டரைப் பிடுங்கிப் போடுவார். பிறகு அவர் எழுந்தாரா, வந்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறேன்... நீங்கள் வேறு பெயர் வைத்தால் மறுக்கமாட்டேன்.

நாற்பத்தேழை வேறு எதற்கும் கிடைக்காதபடி ஒதுக்கி, பக்கத்தில் ஏழுமலை என்று எழுதியிருக்கிறேன். நேற்றும் நாலு மணிக்குப் பட்டியலைத் திறந்தேன். பத்து எரிந்தது. நாற்பத்தேழு எரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா அழைத்தார்.

"ஏன்டி, நம்மாத்து வைஃபை நன்னாத்தானே இருக்கு? ஏழுமலை வந்தா அவன் போன்லயும் வருமோன்னோ?"

"வரும்பா" என்றேன்.