மூன்று பூட்டுக் கோயில்

மக்வாலா எனக்கு மாமன் மகள். என் அம்மாவும் அவளுடைய அப்பாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். மாமனுக்குப் பிள்ளைகள் மூன்று: மூத்தவன் மெராப், அடுத்து லாமரா, கடைக்குட்டி மக்வாலா. லாமரா மலைக்குக் கீழே ஜுக்திதி நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மெராபைப் பனிச்சரிவு கொண்டுபோனது. மிஞ்சியவள் மக்வாலா. சாவியும் அவளிடம் மிஞ்சியது.

எங்கள் ஊர்த் தேவதூதர் கோயில் கல்லால் கோபுரம்போல் உயர்த்திக் கட்டிய கடைசி வீட்டுக்கும் மேலே, புல்மேட்டின் ஓரத்தில் இருக்கிறது. பெரிய வைக்கோல்போர் அளவுதான். உள்ளே சுவர் முழுக்கச் சித்திரம், நடுவில் வெள்ளித் தகடு போர்த்திய தேவதூதர் படம். கதவு ஒன்று, பூட்டு மூன்று, சாவி மூன்று வீட்டில். மூன்று பேரும் வந்து நின்றால்தான் திறக்கும். சாத்துவதற்கு ஒரு பூட்டே போதும். சாவி வைத்திருப்பவர் ஊருக்கு வெளியே ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்ததை மீறினாலும் மீறுவோம், இதை மீறமாட்டோம்.

ஒரு சாவி பிட்ஸினாவிடம், இன்னொன்று கார்லோவிடம். இருவரும் அக்காள் தங்கையைக் கட்டிய சகலைகள். மூன்றாவது மெராபிடம் இருந்தது. பனி உருகி அவனை எடுத்தபோது சாவி சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. அடக்கம் முடிந்த அன்றே பிட்ஸினாவும் கை நீட்டினான், கார்லோவும் கை நீட்டினான். இரண்டு சாவி எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்குத்தான் இனிமேல் கோயில். இரண்டு வீட்டு இளவட்டங்களும் இடுப்பில் கத்தியோடு நின்றார்கள்.

பெரியவர்கள் மக்வாலாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும். "யாருக்குன்னு தேவதூதர் முன்னால நீயே சொல்லு" என்று உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் பெண்கள் சரிவில் நின்றுகொண்டிருந்தோம். யாரைச் சொன்னாலும் மற்ற வீட்டில் பிணம் விழும். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து அவள் குரல் வந்தது: "யாருக்கும் இல்ல. மூச்சு இருக்குற வரைக்கும் நானே வச்சுக்கிட்டு இந்த ஊர்லயே கிடக்குறேன்."

அது சத்தியம். அதை அவிழ்ப்பதென்றால் மற்ற இரண்டு சாவிக்காரரும் சேர்ந்து, அதே படத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்று, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கார்லோ ஒரு கோடையில் பிட்ஸினாவின் எல்லைக்கல்லைத் தாண்டிப் புல் அறுத்ததிலிருந்து அந்த இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. அவர்கள் பெண்டாட்டிகள் ஓடையில் ஒரே கல்லில் துணி துவைத்து ஊர்க்கதை பேசுவார்கள். இவர்கள் மட்டும் ஒரே பாதையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஆட்டுத்தடத்தில் இறங்கிவிடுவார்.

மக்வாலாவைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள், இரண்டும் ஆற்றுக்கு அந்தப்பக்கம். இவள் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். லாமராவுக்குப் பிள்ளை பிறந்தபோது போகவில்லை, அவள் புருஷன் செத்தபோதும் போகவில்லை. பாலம் வரை நடந்துபோய் நின்றுவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்புவாள்.

போனதற்கு முந்தின இலையுதிர்காலத்தில் லாமரா படுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள்: "வைத்தியருங்க கைய விரிச்சுட்டாங்க. கண்ணைத் திறந்தா உன் பேரைத்தான் சொல்றா."

சத்தியத்தை அவிழ்க்கச் சொல்லி மக்வாலா பிட்ஸினா வீட்டுக்குப் போனாள். "நான் இப்பவே வர்றேன் தங்கச்சி, அவன் வந்தா நான் வரலை" என்றான். கார்லோ வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அதே பேச்சு, கூடக் கொஞ்சம் கெட்ட வார்த்தை.

"அப்ப ரெண்டு பேரும் சேந்து எப்பத்தான் மேல போவீங்க?" என்று கேட்டாள்.

"விருந்தாளி வந்தாப் போய்த்தானே ஆகணும்" என்றான் கார்லோ.

அது உண்மை. கோயிலைப் பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்புவது எங்களிடம் இல்லை. அன்றிலிருந்து மக்வாலா பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது, யாரும் வரவில்லை. மாடு கத்தினாலும் கார் சத்தமென்று எழுந்து வெளியே ஓடுவாள்.

கடைசியில் சேறு பூசிய காரில் தலைநகர் திபிலிசியிலிருந்து எலிசோ என்ற பெண்ணும் அவள் புருஷனும் வந்து இறங்கினார்கள். யாரும் போகாத இடமாகத் தேடித் தேடிப் போய் போட்டோ எடுப்பது அவளுடைய வேலையாம். நான் கறி வைத்துச் சுட்ட குப்தாரி ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு கூடவே ஏறினேன்.

மேலே சகலைகள் இருவரும் கதவுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"மக்வாலா, அவனைத் தள்ளி நிக்கச் சொல்லு. பூட்டு தெரியல."

"மக்வாலா, கண்ணு தெரியாதவன் சாவிய எதுக்கு வச்சிருக்கானாம், கேளு."

"அண்ணே, ரெண்டு பேரும் திறங்க. வெளியூர்ல இருந்து வந்தவங்க சிரிக்குறாங்க."

மூன்று பூட்டும் திறந்தன. விருந்தாளியை அழைக்கும் முன்னால் ஆண்கள் உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். பிட்ஸினா போனான். அவன் பின்னால், நாலடி விட்டு, கார்லோ போனான். மக்வாலா கதவை இழுத்தாள், தன் பூட்டை மாட்டினாள், சாவியைத் திருப்பினாள்.

நான் அவள் தோளைப் பிடித்தேன். "அடிப்பாவி, என்னடி பண்ற?"

"சும்மா இரு மதினி."

உள்ளே கதவு அதிர்ந்தது. பிட்ஸினா மிரட்டினான், கார்லோ தேவதூதரைக் கூப்பிட்டான். எலிசோ என் பக்கம் திரும்பி, "இதுவும் சடங்கா பாட்டி?" என்று மெல்லக் கேட்டாள். நான் ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தேன்.

"என்னை அவிழ்த்து விடுங்க" என்றாள் மக்வாலா கதவைப் பார்த்து. "என் அக்கா சாகப் போறா. ரெண்டு பேரும் ஒண்ணா அந்தப் படத்துக்கு முன்னாலதான் நிக்குறீங்க. இனி எப்ப நிப்பீங்க?"

"கூறு கெட்டவளே!" இது கார்லோ. "பூட்டுன கதவுக்குள்ள வாங்குன சொல்லு சொல்லே இல்ல. சாமியே ஏத்துக்காது. உங்க அப்பன் உனக்கு இதுகூடச் சொல்லித் தரலயா?"

மக்வாலா நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் அன்னிக்குச் சொன்னது என்ன அண்ணே?"

உள்ளே சத்தம் நின்றது.

"உன்னை யாரும் பூட்டல," என்றான் பிட்ஸினா. "குளிருக்குக் கதவைச் சாத்துனாங்க, அவ்வளவுதான்."

"நான் தள்ளிப் பாத்தேன். திறக்கல."

மேகம் மேட்டின் மேல் இறங்கிப் போனது. எலிசோவின் புருஷன் சிகரெட்டைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அப்போது உள்ளிருந்து பிட்ஸினாவின் குரல் வந்தது. எங்களிடம் பேசவில்லை.

"ஏ சகல. அன்னிக்குப் பூட்டுனது யாரு?"

எல்லைக்கல் சண்டைக்குப் பிறகு அவன் கார்லோவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீதான். வேற யாரு."

"சாவியத் திருப்புனது நான். கதவை இழுத்துப் பிடிச்சது யாரு?"

"பெருசுங்க பிடிக்கச் சொல்லுச்சு."

"எனக்கும் பெருசுங்கதான் சொல்லுச்சு."

"நீ அதோட விட்டியா? 'இவ பயந்து என் பேரைத்தான் சொல்லுவா'ன்னு சிரிச்ச."

"நீ மட்டும் சிரிக்கலயா?"

பிறகு ரகசியம் பேசுகிற மாதிரி ஏதோ பேசிக்கொண்டார்கள், கேட்கவில்லை. அவர்கள் சொல்லி முடிக்கும் வரை மக்வாலா காத்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் சாவியைப் போட்டுத் திறந்து கதவை அகலத் தள்ளிவிட்டாள்.

"இப்ப பூட்டு இல்ல. சொல்றதா இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா வீட்டுக்குப் போங்க, நானும் மாட்டை ஓட்டிட்டுப் போறேன்."

பிட்ஸினா அவளைத் தாண்டி வெளியே வந்தான். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. நாலெட்டு இறங்கியும் விட்டான். எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். மக்வாலா திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கடா போற?" என்றான் கார்லோ உள்ளிருந்து. "தனியா நான் சொன்னாச் செல்லாது. வந்து தொப்பியக் கழட்டு."

பிட்ஸினா நின்றான். கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தான். திரும்பி ஏறினான். தொப்பியில்லாத தலைகள் இரண்டும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை நான் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னார்கள்.

சாவி யாருக்கு என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பழைய பார்வை லேசாகத் தெரிந்தது. அந்த வீட்டு ரத்தம் ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது? என் அம்மா வழியில் என்னிடம்தான். மக்வாலா என் கையைப் பிடித்தாள், கேட்கவில்லை. நானே விரலை விரித்தேன்.

"இன்னும் உள்ள பாக்கவே இல்லையே" என்றாள் எலிசோ.

"இன்னொரு நாள் வா தாயி. இவங்க எங்கயும் போகமாட்டாங்க" என்று சொல்லி மக்வாலா அவர்கள் காரில் போய் ஏறிக்கொண்டாள். மாற்றுத்துணிகூட எடுக்கவில்லை. பாலத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள் என்று பின்னால் எலிசோ சொன்னாள்.

லாமரா அவளை அடையாளம் கண்டாள். பனி விழும்வரை இருந்தாள், தங்கை கையால் தண்ணீர் குடித்தாள், போய்ச்சேர்ந்தாள். மக்வாலா அங்கேயே இருக்கிறாள், அக்காவின் திராட்சைப் பந்தலைப் பார்த்துக்கொண்டு.

என் மகன் கீழ்நாட்டில் குதைசியில் வீடு கட்டிக் குடிபோனான். நான் பார்க்கவில்லை. போகிற தூரத்துக்கு ஒரு ராத்திரி தங்காமல் திரும்ப முடியாது. போட்டோ அனுப்பியிருக்கிறான். சகலைகள் இப்போது ஒன்றாகப் புல் அறுக்கிறார்கள், சாவிக்கு நான் தாமதமாக வந்தால் இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள்.

திருவிழாவுக்கு வரச் சொல்லி மக்வாலாவுக்குப் போன் செய்தேன்.

"வர ஆசைதான் மதினி," என்றாள். "ஆனா நீ சாவியக் கையில வச்சுக்கிட்டுல்ல கூப்பிடுற."

சிரித்தாள். வரவில்லை.