யோகேஸ்வரி பக்கம்

மலேசியாவின் செரண்டாவில் பிள்ளைகளுக்கென்று படம் வரையும் பலகை வாங்கிய முதல் தாய் சந்திரிகாவாகத்தான் இருக்க வேண்டும். மறுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் அந்தப் பெருமையை அவளுக்கே கொடுத்துவிடலாம். அவளிடம் வேறு பெருமைகளும் அதிகம் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. ரவாங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், கையுறைக்குள் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கணவன் நல்லசாமி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். ஓட்டாத நேரத்தில் அவர்கள் குடியிருந்த தாமானின், அந்த வீடமைப்புப் பகுதியின், நலச் சங்கத்துக்குச் செயலாளர். மூத்தவள் யோகேஸ்வரிக்கு ஒன்பது வயது, இளையவன் தினகரனுக்கு ஏழு. இருவருமே வரைவார்கள். யோகேஸ்வரி நன்றாக வரைவாள். தினகரன் வரைவதை வீட்டார் நன்றாகப் பாராட்டுவார்கள்.

சந்திரிகா ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவளுக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே சிலேட்டு. சேர்த்து என்றால், அண்ணன் எழுதுவான், அவள் துடைத்துக் கொடுப்பாள். ஆறாம் வகுப்போடு துடைக்கும் வேலையும் முடிந்தது. அதனால் பலகை வாங்கப் புறப்பட்டபோது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் குறி: மகள் துடைத்துக் கொடுப்பவளாக ஆகிவிடக் கூடாது.

ரவாங்கில் மதார் சாகிபு கடையில் எழுதுபொருளும் விளையாட்டுச் சாமானும் கிடைக்கும். அவர் கால் விரித்து நிற்கும் பளபளப்பான ஒன்றை முன்னால் இழுத்து வைத்தார்.

"புதுச் சரக்கு, தங்கச்சி. ஒரு பக்கம் கரும்பலகை, ஒரு பக்கம் வெள்ளை. காலுக்கெல்லாம் கலர் அடிச்சிருக்கு பாரு."

"வெள்ளைப் பக்கம் யாருக்கு, பாய்?"

"அத நீதானே சொல்லணும்."

"நான் சொன்னா எங்க வீட்டுல நடக்காது."

"அப்ப இந்த ஒத்தப் பலகைய எடு. மாத்தி மாத்தி வரையட்டும் லா."

"மாத்தி மாத்தின்னா என்ன? மொதல்ல தம்பி, அப்புறம் தம்பி. எனக்குத் தெரியாதா?"

மதார் சாகிபுக்கு மூன்று பெண்களும் ஒரு பையனும். அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. உள்ளே போய்த் தூசி தட்டி இன்னொன்றைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் வெள்ளை. இரண்டு பக்கமும் தாளைப் பிடிக்க இடுக்கி, வண்ணக் குப்பி வைக்கத் தட்டு. ஒரு காலில் மட்டும் மரம் பெயர்ந்திருந்தது.

"இத யாரும் எடுக்கல. காலப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிடுறாங்க."

"நிக்குமா?"

"நிக்கும்."

"அப்ப இதையே கட்டிக் குடுங்க."

வீட்டில் நல்லசாமி அதைச் சுற்றி வந்து பார்த்தான். "கடை பூரா தேடி நொண்டிக் கால் உள்ளதா புடிச்சிட்டு வந்திருக்க."

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு."

"அதனால?"

"அதனாலதான்."

சிவப்பு நகச்சாயத்தால் ஒரு பக்கத்தின் உச்சியில் யோகேஸ்வரி என்றும் மறுபக்கத்தில் தினகரன் என்றும் அவளே எழுதினாள். அதன்பிறகு அந்த வீட்டில் சில மாதங்கள் நிலவிய அமைதியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டார்கள். ஒருவர் வரைவது மற்றவருக்குத் தெரியாது. தெரியாததால் சண்டையும் இல்லை. சந்திரிகா தேநீரைச் சூடாகவே குடித்தாள்.

அப்புறம் அப்பளசாமி செத்துப் போனார்.

அவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்ந்தவர், நலச் சங்கத்தின் காப்பாளர். சாவு வீட்டில் படத்தை ஒரு நாற்காலியில் சாய்த்து மாலை போடுவதுதான் வழக்கம். ஆனால் சங்கத் தலைவர் பாலகிருஷ்ணனுக்கு மனம் ஒப்பவில்லை.

"மண்டோரையாவ நாற்காலியில உக்கார வைக்கிறதா? விடிகாலைப் பெரட்டுல ஆள் எண்ணும்போது அவரு உக்காந்து நான் பாத்ததே இல்ல."

"எங்க வீட்டுல ஸ்டாண்டு ஒண்ணு இருக்கு, தலைவரே" என்றான் நல்லசாமி. சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

சாவு வீட்டுக்கு என்று கேட்டால் நாற்காலியோ அண்டாவோ மறுப்பவர் நம்மில் கிடையாது. சந்திரிகாவும் மறுக்கவில்லை. யோகேஸ்வரி பாதி வரைந்திருந்த தாளை இடுக்கியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். படத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று மட்டும் கேட்டாள்.

"பொண்ணு பக்கம் வச்சுக்கலாம்" என்றான் நல்லசாமி. "ஆம்பளப் புள்ள பேருக்குக் கீழ செத்தவர் படத்த வைக்க முடியுமா?"

"வெறும் போட்டோதானே."

"போட்டோதான். இருந்தாலும்."

அந்த 'இருந்தாலும்' என்பதற்குள் நம் சமூகம் முழுதும் தாராளமாகக் குடியிருக்கலாம், வாடகை இல்லாமல்.

அஞ்சலி செலுத்த வந்தவர்கள் மண்டோரின் மீசைக்கு மேலே யோகேஸ்வரி என்று படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலகிருஷ்ணன் மாலையைக் கொஞ்சம் உயர்த்திப் பெயரை மறைத்தார். அன்று இரவு யோகேஸ்வரி அம்மாவிடம் மெல்லக் கேட்டாள்: "என் பேர்ல வச்சா நானும் செத்துடுவேனா?" வேலை முடிந்து அலுத்து வந்திருந்த சந்திரிகா, "பேசாம படு" என்றாள்.

கருமாதி முடிந்து பலகை திரும்பியது. நல்லசாமி வாசலிலேயே நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்தான். உள்ளே கொண்டுபோய், தினகரன் பக்கம் கூடத்தைப் பார்க்கவும் யோகேஸ்வரி பக்கம் சுவரைப் பார்க்கவும் திருப்பி வைத்தான். தீட்டுப்பட்ட பக்கத்தைத் தம்பி தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டான்.

"அவளுக்கு மட்டும் தீட்டு ஒட்டாதா?" என்றாள் சந்திரிகா.

"அதான் மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சில்ல."

"அப்ப தம்பியும் அந்தப் பக்கம் வரையலாமில்ல?"

நல்லசாமிக்கு லோரியின் டயர் உடனே நினைவுக்கு வந்தது. வெளியே போய்விட்டான். யோகேஸ்வரி சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒருக்களித்து நின்று வரையப் பழகிக்கொண்டாள்.

அடுத்து இரண்டு தெரு தள்ளி இருந்த வேலம்மா போய்ச் சேர்ந்தார். மண்டோருக்குக் கிடைத்த ஸ்டாண்டு தங்கள் தாய்க்கும் வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். நல்லசாமி குலை ஏற்றிக்கொண்டு கோல சிலாங்கூர் பக்கம் போயிருந்தான். கேட்டு வந்த பாலகிருஷ்ணனிடம், "நானே எடுத்துட்டு வரேன்" என்றாள் சந்திரிகா. தோளில் சுமந்து போய் விரித்து நிறுத்தி, வேலம்மாவின் படத்தைத் தன் கையாலேயே வைத்தாள்.

பாலகிருஷ்ணன் தயங்கினார். "ஏம்மா, அந்தப் பக்கம் தம்பி பேருல்ல இருக்கு."

"தெரியும் தலைவரே. எழுதுனதே நான்தான்."

ஊர் திரும்பிக் கையில் மாலையோடு உள்ளே நுழைந்த நல்லசாமி, படத்துக்கு மேலே சிவப்பில் மகன் பெயரைப் பார்த்தான். சாவு வீட்டில் சத்தம் போட முடியாது. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் இறக்கினான்.

"பெத்த புள்ள பேருக்குக் கீழ மால போட வச்சிருக்க. உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"நீங்க வச்சப்ப எப்படி வந்துச்சோ, அப்படித்தான்."

"அது வேற."

"என்ன வேற?"

பதில் வருவதற்குள் தினகரன் அழுதான். "அப்பா, நான் செத்துடுவேனா?"

நல்லசாமி அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று தலையைத் தடவிச் சொன்னான், அவன் கண் மூடும்வரை சொன்னான். யோகேஸ்வரி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சந்திரிகா அவளைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

பலகை அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. நல்லசாமி அதைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டான். நகச்சாயத்தைச் சுரண்டிவிட்டு இரண்டு பக்கமும் 'உபயம்: நல்லசாமி குடும்பத்தார்' என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு எழுத்து. ஆண்டுக் கூட்டத்தில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார் பாலகிருஷ்ணன். கூட்டம் கைதட்டியது, சந்திரிகாவும் தட்டினாள், பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால்.

வீடு திரும்பியதும் யோகேஸ்வரி கேட்டாள். "ஏம்மா தம்பி பக்கம் வச்சீங்க?"

"உனக்காகத்தான்டி."

"எனக்குச் செவுத்துப் பக்கமே போதும்னு இருந்தேன்."

"அது எப்படிப் போதும்?"

"அதாவது இருந்துச்சில்ல."

சந்திரிகா பொன்னாடையை உதறி மடித்தாள். யோகேஸ்வரி தன் தூரிகைகளைக் கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்தாள். அவன் வாங்கி வைத்துக்கொண்டான்.