எங்கள் கிழக்கின் முதல் ஆளுநர்

லண்டனில் எங்கள் ஊருக்கு ஒரு சங்கம் இருந்தது. இப்போது இரண்டு. ஊர் என்னவோ சைக்கிளில் ஏறி ஒரு பாட்டுப் பாடி முடிக்குமுன் தாண்டிவிடக்கூடிய அளவுதான். நடுவே ஓர் ஒழுங்கை, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சந்து, போகிறது. ஒழுங்கைக்கு மேற்கே பிறந்தவர்கள் ஈஸ்ட் ஹாமில் கூட்டம் போட்டுப் பதவிகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள், கிழக்கே பிறந்த எங்களை அண்டவிடவில்லை என்பது எங்கள் ஆட்களின் குறை. குறை உண்மைதான். பொங்கல் விழாவில் கதிரை அடுக்குவது கிழக்கு, அதில் குந்துவது மேற்கு. "எங்களை ஊர்ச் சனமாகவே மதிக்காதவையோட இனி ஏலாது!" என்று என் அண்ணை ஒருநாள் மைக்கைப் பிடித்து அழாக்குறையாகச் சொன்னார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று கிழக்குப் பிரிந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் விஷயத்தில் ஊரும் கூத்தாடியும் ஒரே ஆட்கள்.

பிரிந்தவர்கள் இதைச் சங்கம் என்று சொல்லக் கூசினார்கள். சங்கம் என்றால் மேற்கின் வாடை அடிக்கிறதாம். ஆகவே "மாநிலம்". தலைவர், உபதலைவர், காப்பாளர் எல்லாம் மேற்கு எச்சில்படுத்திய பட்டங்கள். ஆகவே "ஆளுநர்". சட்டதிட்டமெல்லாம் போட்டு யாப்பு எழுதினார்கள். கொடிக்கு வாட்ஸ்அப்பில் தங்களுக்குள் அடிபட்டார்கள். கடைசியில் முதலாவது ஆளுநர் தேர்தலுக்கு மோர்டனில் தேவாலயத்துப் பின்புற மண்டபத்தை ஒரு ஞாயிறு பின்னேரம் வாடகைக்கு எடுத்தார்கள். மண்டபக் கதவின் திறப்பைத் தந்த வெள்ளைக்காரர் எதற்கு ஆளுநர் என்று விசாரித்தபோது, ஒருவருக்கும் விளக்கத் தெம்பில்லாமல், பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஆளுநர் என்றுதான் பெயர்.

போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் என் அண்ணை, ஸ்ட்ரெதமில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மற்றவர் பாரிஸில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து குளியலறைகளுக்கு மாபிள் பதிக்கும் தொழில் செய்பவர். இருவருக்கும் கொள்கையில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருவருக்கும் கொள்கையே இல்லை.

"தங்கச்சி, சரித்திரம் நடக்கப்போகுது. ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு வா" என்று அண்ணை போன் எடுத்தார்.

சிரிக்கிறேனே தவிர, அன்று எனக்கு உள்ளுக்குள் சரியான சந்தோஷம். பிறந்த ஊர் என்று சொல்லி இந்தக் கையால் இதுவரை ஒரு வாக்குச் சீட்டில் புள்ளடி போட்டதில்லை. ஊரில் வாக்குப் போடும் வயது வருமுன் வெளிக்கிட்டாயிற்று. நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தினேன். ரோல்ஸ் பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது என் மனுசன், "எலெக்சனுக்கோ, கலியாணத்துக்கோ?" என்று நக்கலடித்தார்.

மண்டப வாசலில் மேசை போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, தேர்தல் ஆணையாளர் இருந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர். என்னைக் குழந்தையில் இருந்து தெரிந்தவர்.

"நீர் வாக்காளர் லிஸ்டிலை வரமாட்டீர், பிள்ளை."

"ஏன் ஐயா? நான் பிறந்தது ஒழுங்கைக்குக் கிழக்கதானே?"

"பிறந்தது சரி. யாப்பின்படி, கட்டிப்போன பொம்பிளைக்குப் புருசன்ர ஊர்தான் ஊர்."

என் புருசனின் ஊரைக் கலியாணம் முடிந்த கையோடு ஒரே ஒரு நாள் பார்த்திருக்கிறேன். அங்கே என்னை அறிந்தது இரவு முழுக்கக் கடித்த நுளம்புகள் மட்டும்தான். நான் வாயைத் திறக்குமுன் அண்ணி என்னைத் தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கினார். அண்ணி கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊருக்கு ஒருமுறை தேர்த் திருவிழாவுக்குப் போய், கக்கூஸ் சரியில்லை என்று மறுநாளே திரும்பியவர். புள்ளடி போட்டுவிட்டு வந்து, "எனக்கு உந்த அரசியல் ஒண்டும் விளங்காது" என்று சிரித்தார். ரோல்ஸைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன்.

வாக்குப்பெட்டியாக வைத்த பிஸ்கட் ரின்னில் விழுந்த சீட்டுகளை மூன்று தரம் எண்ணினார்கள். மூன்று தரமும் இரண்டு பேருக்கும் சரிக்குச் சரி. மண்டபம் இரைந்தது. அப்போது யாரோ ஒருவர், புண்ணியவான், குசினிப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பிள்ளையும் எங்கட ஊர்ப் பிள்ளைதானே! அவவின்ர வோட்டோட முடிப்பம்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டேன் என்றும் சொல்லலாம்.

மாபிள்காரர் எழும்பினார். "அவ தமையனுக்குத்தான் போடுவா. தெரியும். எண்டாலும் பரவாயில்லை, நான் ஏற்கிறன்" என்றார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்து சொன்ன மனிதரை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு எல்லாரும் அண்ணையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் ஓம் என்றால் அந்த நிமிஷமே ஆளுநர்.

"ஏலாது" என்றார் அண்ணை. "இண்டைக்கு இவவுக்குக் குடுத்தால், கட்டிப்போன அவ்வளவு பொம்பிளையளும் நாளைக்கு வந்து நிப்பினம். பிறகு அவையின்ர புருசன்மார் எங்களை ஆளுவினம். யாப்பு யாப்புத்தான்."

அட கோதாரி! அதற்குக் கைதட்டல் வேறு. தன் வெற்றியையே தியாகம் செய்கிறாராம். பக்கத்தில் நின்ற ஒருவர் "என்ன பெருந்தன்மை!" என்று என்னிடமே சொன்னார். ஏலாது என்றது, ஊர்ச் சனமாக மதிக்கவில்லை என்று மைக்கில் அழுத அண்ணையின் அதே வாய்.

காசு சுண்டுவது என்று முடிவாயிற்று. தலை விழுந்தால் அண்ணை, மற்றப் பக்கம் விழுந்தால் மாபிள்காரர். ஆணையாளர் ஒரு பவுண் காசைச் சுண்டினார். பிரித்தானிய முடியரசரின் தலை மேலே விழுந்தது. வெள்ளைக்காரன் எங்கள் நாட்டுக்குக் கப்பலில் ஆளுநரை அனுப்பிய காலத்தில்கூட முடியரசு இவ்வளவு நேரடியாக வேலை செய்திருக்காது. மாபிள்காரர் அண்ணையைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, கார் பார்க்கிங் முடியப்போகிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

மாலையோடு அண்ணை குசினிக்குள் வந்தார். முகமெல்லாம் வியர்வை, தலைகால் தெரியாத சந்தோஷம்.

"கோவிக்காத, தங்கச்சி. அரசியலில சொந்தபந்தம் பாக்கேலாது."

நான் அடுத்த தட்டை எடுத்துக் கழுவினேன்.

"முதல் வேலையா, ஊரில எங்கட மாநிலத்தின்ர போர்டை மாட்டப்போறம். மேற்கால போறவன் வாறவன் எல்லாருக்கும் தெரியவேணும். எங்கட வீட்டு வாசல் கேற்றிலதான் மாட்டவேணும். நீ ஓம் எண்டு சொன்னாச் சரி."

எங்கட வீடு என்று அவர் சொன்ன வீடு என் சீதன வீடு. எங்கள் வழக்கப்படி அப்பா அதை எனக்கு எழுதினார். கையெழுத்து வைக்க வேண்டியவள் நான். அந்த மண்டபத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்ற அத்தனை பேரிலும் கிழக்கில் ஒரு பிடி மண் சொந்தமாக உள்ளவள், புள்ளடி போடத் தகுதியில்லாத நான் ஒருத்திதான். மற்றவர்கள் விற்றும் விட்டும் வந்தவர்கள்.

தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"நான் வேற ஊர், அண்ணை. ஏலாது. உங்கட யாப்பில அப்பிடித்தானே கிடக்கு?"

ஆளுநருக்கு முகம் கறுத்துவிட்டது. மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அதெப்பிடி? விசர்க் கதை கதையாத. நீ பிறந்த வீடெல்லே அது!" என்றார்.

"அதைத்தானே அண்ணை நான் வாசலில சொன்னனான்" என்றேன்.