முட்டம் மேட்டில் பனிச்சறுக்கு

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் சாலையில்தான் அவரைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். சக்கரம் வைத்த தாழ்ந்த இருக்கையில் கால்களைக் கட்டிக்கொண்டு, இரண்டு கம்புகளால் தார்ச்சாலையைக் குத்திக் குத்தி மேடேறுவார். உச்சிக்குப் போனதும் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிவந்து மறுபடி ஏறுவார்.

"கோயிலுக்கு நேர்ச்சையாக்கும்" என்று மீன் விற்கும் அக்கா பயபக்தியோடு ஒதுங்கி வழிவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நேர்த்திக்கடன் செலுத்துகிறவர் வழியிலிருக்கும் கோயில் வாசலில் நிற்காமல் தாண்டிப் போவாரா?

ஒருநாள் மறித்துக் கேட்டே விட்டேன்.

"நேர்ச்சை ஒண்ணும் இல்லண்ணே. பனியில இப்பிடி உக்காந்துட்டே சறுக்குற ரேஸ். வெளிநாட்டுல ஓடியிருக்கேன். இனி பாராலிம்பிக்குக்குப் போவணும். அதுக்குத்தான் இந்தப் பாடு."

மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியைத் தவிர வேறு பனி கண்டிராத ஊரில் வந்து இப்படிச் சொல்கிறார். மடக்கிவிடலாம் என்று, "அப்போ பனி எப்பிடி இருக்கும்? சொல்லும் பாப்போம்" என்றேன்.

கம்பை ஊன்றியபடி கொஞ்சம் யோசித்தார்.

"அதையெல்லாம் எங்க பாத்தேன்? முன்னால போறவன் முதுகுதாண்ணே தெரியும்."

சொல்லிவிட்டு மேடேறிப் போய்விட்டார். சரியான புளுகர் என்றுதான் அன்று வீட்டில் சொன்னேன். ஆனால் புளுகுகிறவர் என்றால், பஞ்சு மாதிரி, பால் மாதிரி என்று அளந்துவிட்டிருப்பாரே?