கிலுகிலுப்பை இன்னும் பேசலைங்க

எங்கள் வீட்டுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே ஒரு சரிவு. பாறையும் செம்மண்ணும் கலந்து கிடக்கும் இடம். உழவும் முடியாது, கொத்தவும் முடியாது. அதனால் அது கிலுகிலுப்பைச் செடிகளுக்குப் போய்விட்டது. ஐப்பசி மழை விட்டதும் இடுப்பளவு எழுந்து மஞ்சளாய்ப் பூக்கும். அவரைப்பூவின் வாகுதான், மூக்கு மட்டும் இன்னும் கூர்மை. காலைப் பனியில் செடி தெரியாது, மஞ்சள் மட்டும் தெரியும். தரையைத் தொடாமல், எதிலும் ஒட்டாமல், அந்தரத்தில் ஒரு நிறம். டீ டம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். டீ ஆறிவிடும். பனி போய்விடும். நிறம் செடிக்குத் திரும்பி வந்துவிடும்.

பூ உதிர்ந்த இடத்தில் ஊதிப் புடைத்த பச்சைக் காய்கள். தை வெயிலில் அவை கறுத்துக் காயும். உள்ளே விதைகள் காம்பு விட்டுக் கழன்று, காற்றடித்தால் கலகலவென்று உருளும். அதனால்தான் அந்தப் பெயர். என் மனைவியின் குடும்பத்தில் அதைச் சத்தம் என்றுகூடச் சொல்வதில்லை. ‘பேசுது’ என்பார்கள். கிலுகிலுப்பை பேசிவிட்டால் மிளகு பறிக்க ஏணி எடுக்கலாம். அதுதான் அவர்கள் வழக்கம். இந்த மலைமேல், திண்ணனூர் நாட்டில் மற்றவர்கள் கொத்தில் பழம் சிவந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். இவள் அடுப்படியில் இருந்தபடியே காதால் பார்ப்பாள். “பேசிருச்சுங்க, ஏணியை எடுங்க” என்பாள். நான் கீழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவன். வருடா வருடம் அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அது கேட்கும்.

ஓரிடத்தில் நிலைகொள்ளாத கால்கள் எனக்கு. இந்தத் தையிலும் ஏதோ ஒரு வேலையைச் சாக்காக வைத்துக் கீழே இறங்கிப் போனவன் இருபது நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் மனைவியின் அண்ணன் பிடித்துக்கொண்டார். அவர் தோட்டம் எங்கள் தோட்டத்துக்கு அடுத்தது.

“ஏனுங் மாப்ள, இந்த வருசம் மிளகுக் காட்டைக் கொண்டைக்குருவிக்கே எழுதிக் குடுத்துட்டீங்களா?”

“ஏன் மச்சா?”

“நான் பறிச்சுக் காயவெச்சு மூட்டையும் கட்டியாச்சு. உங்க காட்டுல பழுத்துக் கொட்டுது. தங்கச்சிகிட்ட கேட்டா, இன்னும் பேசலைங்கறா. எம்மேல ஏதாச்சும் கோவமாங்க?”

நடந்தேன். மதிய வெயிலில் மலை தூங்கிக்கொண்டிருந்தது. வளைவு திரும்பும் முன்பே சரிவு காதில் விழுந்தது. ஒரு காற்று மேலிருந்து இறங்கி வர, அந்தச் சத்தம் செடிக்குச் செடி கை மாறி, ஓடைவரை போய், கொஞ்சம் யோசித்து, மறுபடி ஏறி வந்தது. காய்ந்த தண்டுகளில் கறுப்பில் நீலப் புள்ளி வைத்த பட்டாம்பூச்சிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. எதிலோ லயித்துப்போனவை போல, ஆடுகிற கிளையில் அவையும் ஆடின. நானும் அப்படியே நின்றுவிட்டேன்.

சரிவின் ஓரத்தில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா? சோறு இருக்குது, கை கழுவுங்க.”

“மிளகு பறிக்கலையா?”

“இன்னும் பேசலைங்களே. இந்த வருசம் பனி சாஸ்தி. காய் காயல போல.”

அவள் முதுகுக்குப் பின்னால் சரிவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தது.

விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு எனக்குள் மெதுவாக இறங்கியது. லாரி வருவது அவளுக்குக் கேட்கும். மழை கேட்கும். என் குரல் கேட்கும். ஆனால் இந்த வருடம் சில்வண்டுகளே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் கெட்டுப்போச்சு என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டினாள். மெல்லிய, கூரான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக அவளிடம் சொல்லாமலே போயிருக்கின்றன.

“பேசுதும்மா” என்றேன்.

“சும்மா இருங்க.”

கையைப் பிடித்துச் செடிகளுக்குள் கூட்டிப்போனேன். பட்டாம்பூச்சிகள் எழுந்து எங்களைச் சுற்றின, மறுபடி உட்கார்ந்தன. காற்று வந்தது. கறுத்த காய்கள் நடுங்குவதை அவள் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி காய்களைப் பார்த்தாள். பிறகு ஒரு கொத்தை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக ஆட்டினாள். விதைகள் முட்டுவது உள்ளங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“பேசுது” என்றாள்.

அந்த வார்த்தை சொல்லும்போது அவள் முகம் எப்போதும் மலரும். இந்த முறை மலரவில்லை.

“எப்பயிருந்துங்க?”

“நான் கிளம்பின அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு. உனக்குக் கேக்காம எனக்கு எப்படிக் கேக்கும், பிரமைன்னு விட்டுட்டேன்.”

“அண்ணன் நேத்து இங்கதான் நின்னு கேட்டாரு. இன்னும் பேசலைன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். கோவத்துல சொல்றேன்னு நெனச்சிருப்பாரு. அவரு பாத்த பார்வை இப்பத்தானுங்க புரியுது.” கையை விரித்தாள். காய்கள் நழுவி ஆடின. “அவருகிட்ட சொல்லீராதீங்க. காது போச்சுன்னு ஊரே பாவம் பாக்கும்.”

“சரி. சொல்லல.”

சரிவைக் கடந்து மிளகுக் கொடிகளிடம் போனாள். கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் அடியில் சிவப்புப் பழங்கள் மிதிபட்டுக் கிடந்தன. கொடியின் நடுவரை குருவிகள் கொறித்த மொட்டைக் கொத்துகள். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள், பாதி உதிர்ந்து மண்ணில் விழுந்தது. குனிந்து பொறுக்க ஆரம்பித்தவள் நிமிர்ந்துவிட்டாள். நாங்கள் இருவர் பொறுக்கித் தீருகிற காடு இல்லை அது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஏணி எடுக்கவே வேலை இருக்காது.

கை நீட்டினாள். “அண்ணனுக்குப் போன் போட்டுக் குடுங்க. நானே சொல்றேன்.”

போட்டுக் கொடுத்தேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“ஏனுங்ணா, எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. காது மந்தமாயிருச்சு. சரிவு பேசினது எனக்குக் கேக்கல. பறிச்சு முடிச்சதும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்க இப்ப ஆளைக் கூட்டிட்டு, ஏணி எடுத்துட்டு வாங்க.”

அந்தப் பக்கம் அவர் எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கத்த ஆரம்பித்தார். தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

“கத்தாதீங்ணா! நீங்க பேசறது நல்லாக் கேக்குது. செடி பேசறதுதான் கேக்கல.”