மூன்று அறைகளில் அனிதாவின் பெயர்

ஆரியசாலையில் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. கடைக்காரர் தராசில் கை வைத்தபடியே, "கமலம் டீச்சர் போயாச்சு, கேட்டோ? இன்னைக்குக் காலையில. நீங்க அறிஞ்சில்லையா?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். அவருடைய மகள் டீச்சரின் மாணவி. மிளகாயை விட்டுவிட்டுக் கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தேன். மாதக்கணக்கில் எதிர்பார்த்திருந்த மரணம்தான். ஆனாலும் பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் விழித்தேன். கமலம் பிறந்து வளர்ந்த அக்கிரகாரத் தெருவுக்குக் கண்ணை மூடிக்கொண்டுகூட என்னால் போக முடியும். அன்று முடியவில்லை.

நானும் கமலமும் ஒரே நிறுவனத்தில் அரசு நிர்வாகம் கற்பித்தோம். ஒரே பிரச்சினையைப் பஞ்சாயத்து எப்படி முடிவு செய்கிறது, மாநிலம் எப்படி முடிவு செய்கிறது, டெல்லி எப்படி முடிவு செய்கிறது என்று ஒப்பிடுவது அவருடைய பாடம். இந்த அஞ்சலியைப் படிக்கிறவர்களில் பலர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். முதல் நாளே பாடநூலில் உள்ள படத்தைக் காட்டி, "மேலேருந்து கீழே ஒரு அம்பு, கீழேருந்து மேலே ஒரு அம்பு. அந்த அம்பு வழியா யாராவது நடந்து போயிருக்காளோ?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். அவர் நடந்து பார்த்தார். அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

நகரத்துக்குத் தெற்கே ஒரு பஞ்சாயத்து. பெயர் வேண்டாம். அங்கே வாடகை வீட்டில் ரெத்தினம் என்ற பெண் இருந்தாள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கணவனோடு கட்டட வேலைக்கு வந்தவள். அவளுடைய ஆறு வயது மகள் அனிதாவைப் பள்ளிக்கூட வாசலில் தெருநாய் முகத்தில் கடித்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். தெருநாய்களைப் பற்றிய கொள்கையைத்தான் கமலம் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பணமும் வழிகாட்டுதலும் மாநிலத்தின் பொறுப்பு. நாயைப் பிடிக்க வேண்டியது பஞ்சாயத்து. ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல பிரச்சினை கிடைக்காது என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்து நடந்த கிராம சபைக்கு நானும் போனேன். பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. கருத்தடை மையம் உடனே வேண்டும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். எங்கே கட்டுவது என்று தலைவர் கேட்டதும் மண்டபம் இரண்டாக, நான்காகப் பிரிந்தது. எங்கள் வார்டில் வேண்டாம், குழந்தைகள் இருக்கிறார்கள். எங்கள் வார்டில் வேண்டாம், கிணறு இருக்கிறது. நாற்காலிகள் உருண்டன. ஒரு ஓரத்தில் முகமெல்லாம் கட்டுப் போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரெத்தினம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மலையாளம் பாதிதான் புரியும். "என்ன சொல்லுதாவ டீச்சர்? நாயைப் பிடிப்பாவளா, மாட்டாவளா?" என்று கேட்டாள். கமலம் எழுந்து நின்று, "அனிதான்னு ஒரு குழந்தை இங்கே இருக்கு. அவளைப் பார்த்துட்டுப் பேசுங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் கிணறு.

தலைமைச் செயலகக் கூட்டத்துக்கு அவரை நிபுணராக அழைத்திருந்தார்கள். சத்தமே இல்லாத கூட்டம் என்று சொன்னார். பொறுமையான அதிகாரிகள், எல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார்கள். "மையம் தொடங்கப் பஞ்சாயத்து இடம் தரணும் மேடம். நாயை எங்கே விடணும்கறது கேந்திரத்தோட விதி. எங்க கையில ஒண்ணுமில்லை." கேந்திரம் என்றால் இங்கே மத்திய அரசு. கமலம் அனிதாவின் பெயரைச் சொன்னார். ஒருவர் உண்மையாகவே கண் கலங்கினாராம்.

பிறகு டெல்லி. விதிகளில் திருத்தம் பற்றி ஒரு கலந்தாய்வு. காலை முழுக்க ஒரே ஒரு சொல்லுக்கு விளக்கம் தேடினார்களாம். கமலம் பேசி முடித்ததும், நடைமுறைப்படுத்துவது உள்ளாட்சிகளின் வேலை என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னார். தேநீர் இடைவேளையில் ரெத்தினத்தின் கணவன் போன் செய்தான். ஊசி போட்டும் பயன் இல்லை. தண்ணீரைக் கண்டு அலறி, இரண்டு நாள் கிடந்து, அன்று காலை குழந்தை போய்விட்டது.

கமலம் திரும்ப உள்ளே போய், "நான் சொன்ன குழந்தை செத்துப்போயிட்டா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தலைமை வகித்தவர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு நிமிட மௌனம். உட்கார்ந்தார்கள். அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

"பஞ்சாயத்துல இடத்தைப் பத்திப் பேசினா. செயலகத்துல அதிகாரத்தைப் பத்திப் பேசினா. டெல்லியில வார்த்தையைப் பத்திப் பேசினா. குழந்தையைப் பத்தி மூணு இடத்துலயும் நான் ஒருத்திதானே பேசினேன், ஜெயா?" திரும்பி வந்த அன்று விமான நிலையத்துக்கு வெளியே நின்று கேட்டார். அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டேன். குற்றவாளி என்று ஒருவரைக் காட்டியிருந்தால் அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். காட்டுவதற்கு யாரும் இல்லை. "மூணு இடத்துலயும் நல்லவாதான் இருந்தா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவருடைய ஆய்வு அச்சாகி வந்தது. நான் படித்தவற்றில் மிக நேர்மையான ஆய்வு அது. மூன்று இடத்திலிருந்தும் பாராட்டு வந்தது. மாநில அதிகாரி ஒருவர் பஞ்சாயத்தையும் டெல்லியையும் பற்றிய பகுதிகள் பிரமாதம் என்று எழுதினார். பஞ்சாயத்துத் தலைவர் செயலகத்தைப் பற்றிய பக்கங்களை ஒரு பொதுக்கூட்டத்தில் உரக்கப் படித்தார். டெல்லியில் ஒரு கருத்தரங்கில் உள்ளாட்சிகளின் இயலாமைக்குச் சான்றாக அதை எடுத்துக்காட்டினார்கள். தவறு தன் அறையில் இல்லை என்பதற்கு ஒவ்வொருவரும் கமலத்தையே சாட்சிக்கு அழைத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் அந்தப் பாடத்தை நடத்தவில்லை. கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றார். அப்போது அது பொய். சீக்கிரமே உண்மையாகிவிட்டது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் பாதியாகக் கிடந்தார். மையத்துக்கு இடம் பார்த்தாச்சோ என்று கேட்டார். பார்த்தார்கள், அந்த வார்டுக்காரர்கள் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள் என்றேன். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிளம்பும்போது கையைப் பிடித்து, "எனக்கு அஞ்சலி நீதான் எழுதுவே. விடாம போராடினா, வழி காட்டினா, விதை போட்டுட்டுப் போனான்னு எல்லாம் எழுதிடாதே. ஒண்ணும் நடக்கலைன்னு எழுது. படிக்கறவாளுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கட்டும்" என்றார்.

கமலம் இறந்த அன்று அந்த வீட்டு வாசலில் ரெத்தினம் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. "வேற யாரும் எம்புள்ள பேரைச் சொல்லதில்ல. அவியளும் போயிட்டாவ" என்றாள். அந்த வாரமே ஊருக்குத் திரும்பிப் போகிறார்களாம். வேலை இருக்கிறது, ஆனால் இந்தத் தெருக்களில் நடக்க முடியவில்லை என்றாள்.

கமலத்தின் நினைவாக எதை வைத்துக்கொள்வது என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். அவருடைய புத்தகங்களை நிறுவன நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். நினைவுச் சொற்பொழிவு ஒன்று நடத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன், மூன்று இடத்திலிருந்தும் ஆள் வந்து பேசுவார்கள். கமலம் தோற்றுப்போனார். அந்தத் தோல்வியை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். அதன் மேல் ஒரு மாலையைப் போட்டு அழகாக்க என் கை போகாது. ஒண்ணும் நடக்கவில்லை.