ஆண்டர்ஸுக்கு மறுமையில் ஒரு மனைவி

வெண்ணெய் கடையும்போதுதான் ஹுல்டா அக்கா பெண் பார்ப்பாள். மகனுக்கல்ல, கட்டிய புருஷன் ஆண்டர்ஸுக்கு.

"மாரென் நல்ல பொண்ணுதான். ஆனா வெண்ணெய்ல உப்பை அள்ளிக் கொட்டுறா. யுகயுகத்துக்கும் அதை யாரு திங்கிறது?"

மத்து ஒரு குத்து குத்தும். மாரெனின் கதை முடிந்தது.

டென்மார்க்கிலிருந்து வந்து எங்கள் சபையார் குடியேறிய சான்பீட் பள்ளத்தாக்கில் ஒருவனுக்கு இரண்டு மனைவி, மூன்று மனைவி என்பது புதிதல்ல. ஹுல்டாவின் சிக்கல் வேறு. அவளுடைய முதல் புருஷன் நீல்ஸ், மணந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டான். ஆனால் அந்த மணத்துக்குச் சபை இட்ட முத்திரை மறுமைக்கும் சேர்த்து; ஒரு பெண்ணுக்கு அது ஒருமுறைதான். ஆண்டர்ஸுக்கு அவள் இந்த ஆயுளுக்கு மட்டும். அவன் பெற்ற பிள்ளைகள்கூட அங்கே நீல்ஸின் பிள்ளைகள்தாம். இத்தனை வருடம் உழுது, விறகு பிளந்து, பனிக்காலத்தில் அவளுடைய சில்லிட்ட பாதங்களைத் தன் கால்களுக்கிடையே வைத்துச் சூடேற்றிய மனிதன், சொர்க்கத்தில் அவளுக்கு யாரோ!

"நான் பொண்ணு கேட்டேனா, புள்ள?" என்பான் அவன்.

"நீ கேக்கமாட்டே. அங்க வந்து நீல்ஸ் வீட்டு வாசல்ல பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிப்பே. எனக்குல்ல அசிங்கம்!"

டோர்தியா? "சிரிப்பு காதைக் கிழிக்குது." விதவை சிக்னே? "அவ பார்வையே சரியில்ல." போன மாதம் வீட்டுக்கு வந்த பிஷப்பே பொறுமையிழந்தார்.

"உயிரோட இருக்கிற ஒருத்தியும் உனக்கு ஆகாது போல, சகோதரி. செத்தவளாப் பாரேன்!"

கிண்டலாகத்தான் சொன்னார். மத்து நின்றது. இறந்தவளையும் மறுமைக்கு மணமுடித்துவைக்கும் வழக்கம் எங்களிடம் உண்டே! டென்மார்க்கில் ஆண்டர்ஸுக்கு நிச்சயித்திருந்த காரென், கல்யாணத்துக்கு முன்பே க்ஷயத்தில் இறந்தவள்.

"அவதான் சரி. தங்கமான பொண்ணு," என்றாள், காரெனின் முகத்தையே பார்த்திராத ஹுல்டா.

இறந்தவளுக்குப் பதிலாக உயிருள்ள ஒருத்தி மண்டியிட்டுக் கைகொடுக்க வேண்டும். மாரென் முன்வந்தாள். "நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். நானே போறேன்," என்று தடுத்தாள் ஹுல்டா.

சால்ட் லேக் நகரத்துச் சடங்கு வீட்டில் நான் சாட்சியாக நின்றேன். பீடத்தின் இருபுறமும் இருவரும் மண்டியிட்டார்கள். காரெனுக்காக ஹுல்டா வலக்கையை நீட்டினாள். காரென் பெயரைச் சொல்லி, "நித்தியத்துக்கும்" என்று மூப்பர் முத்திரையிட்டார். ஆண்டர்ஸோடு சேர்த்துத் தனக்கு ஒருநாளும் கிடைக்காத அந்த வார்த்தையை, இன்னொருத்தியின் பெயரில், தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சுது, எழுந்திருங்க."

ஆண்டர்ஸ் கையை இழுத்தான். ஹுல்டா விடவில்லை. அதுவரை பக்கத்தில் சும்மா தொங்கிய தன் இடக்கையைத் தூக்கி, கோத்திருந்த இரண்டு கைகளின்மேலும் வைத்து அழுத்தினாள்.